எந்த அந்தோணி என்று கேட்டவர்

தூத்துக்குடியில் எதற்கும் பயப்படாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புயல் கூண்டு ஏற்றிய பிறகும் தோணியை எடுத்தவர்கள், உப்பளத்து உச்சி வெயிலில் தலையில் துண்டுகூட இல்லாமல் நின்றவர்கள், துறைமுக கேட்டில் சோதனை போட வந்த அதிகாரியிடமே பீடிக்கு நெருப்புக் கேட்டவர்கள் எல்லாரும் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். இத்தனை சூரர்களையும், போனில் ஒரே ஒரு வரியைத் தட்டிவிட்டு அனுப்பலாமா வேண்டாமா என்று வியர்க்க வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் திரும்பச்சொல் அண்ணாச்சி.

அது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. அவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். துறைமுகத்தில் கடலைப் பார்த்து நிற்கும் உயரமான கோபுரத்தில் உட்கார்ந்து, வருகிற போகிற கப்பல்களோடு வயர்லெஸ்ஸில் பேசுவதுதான் அவர் பார்த்த உத்தியோகம். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல்காரர் சொன்னதை இவர் அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். இவர் சொன்னதைக் கப்பல்காரர் திரும்பச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் சொன்னது சொன்னதாகக் கணக்கில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே பேசிப் பழகியவர், ஓய்வு பெற்று எங்கள் தெருவில் வீடு வாங்கிக் குடிவந்தார். அவரை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களிலேயே அதிகப் பின்விளைவு உள்ளது அதுதான்.

குழுவின் பெயர் 'நம்ம தெரு'. நூற்றுச் சொச்சம் பேர். நான்தான் அட்மின். அந்தப் பதவிக்கு நான் ஆசைப்படவில்லை. குழு தொடங்கிய வாரம் நான் மகளைக் கல்லூரியில் சேர்க்க வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என்னை அட்மினாக்கி வைத்திருந்தார்கள். கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் வேலை, வாரப் பத்திரிகையில் அவ்வப்போது எழுதுகிறவன், ஆகவே படித்தவன் என்று ஒரு எண்ணம்.

அண்ணாச்சி குழுவுக்குள் வந்த மறுநாள் காலையில் ஒரு அக்கா, 'தண்ணி வந்துட்டு' என்று போட்டார். காலங்காலமாக எங்கள் தெருவில் அந்த இரண்டு வார்த்தைகளுக்கு எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அன்றைக்கு அதன் கீழே ஒரு பதில் வந்தது.

'திரும்பச் சொல்லவும். எந்தத் தண்ணீர்? மாநகராட்சிக் குழாயா, லாரியா, மழையா? தெருவின் எந்த முனை? எவ்வளவு நேரம் வரும்?'

பேச்சில் அண்ணாச்சி எங்களைப் போலத்தான். எழுத்தில் மட்டும் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டுக்கொண்டு வருவார். அந்த அக்கா மரியாதைக்காக ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தட்ட ஆரம்பித்தார். தட்டி முடிக்கும்போது குழாய் நின்றுவிட்டது. "ஏளா, அந்த மனுசனுக்குப் பதில் சொல்லி முடிக்கதுக்குள்ள என் அண்டா காலியாவே கெடந்துட்டு" என்று பக்கத்து வீட்டில் சொல்லி அழுதார். ஆனால் அடுத்த வாரம் அவரே, 'லாரித் தண்ணி, தெக்கு முக்கு, அரை மணி நேரம்' என்று போட்டதை நான் பார்த்தேன்.

காலையில் ரோஜாப்பூ படம் போட்டு 'இனிய காலை வணக்கம்' சொல்கிறவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். எங்கள் தெருவில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு ரோஜாவுக்கும் அண்ணாச்சி தனித்தனியாகக் கேட்டார்: 'கிடைத்தது. இதற்கு நடவடிக்கை ஏதும் தேவையா?' மூன்றே நாளில் ரோஜாக்கள் நின்றன. கட்டைவிரல் படம் போட்டால், 'சம்மதமா, படித்ததற்கு அடையாளமா?' என்பார். கைகூப்பும் படம் போட்டவரிடம், 'நன்றியா, மன்னிப்பா, கெஞ்சலா? ஒன்றைத் தேர்ந்து எழுதவும்' என்றார்.

எழுதினால்தானே கேட்பார், பேசிவிட்டால் என்ன செய்வார் என்று ஒருவர் தந்திரமாகக் குரல் செய்தி அனுப்பினார். அண்ணாச்சி அதை முழுக்கக் கேட்டுவிட்டு எழுத்தில் போட்டார்: 'நான்கு நிமிடம் கேட்டேன். முதல் மூன்று நிமிடம் மூச்சு வாங்குகிறது. நடுவில் ஒரு ஆட்டோ போகிறது. செய்தி: சீட்டுக் கூட்டத்துக்கு நாளை வர மாட்டார். சரியா?' அனுப்பியவர் 'சரி' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் குழுவில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இதில் லாபம் அடைந்த ஒரே ஆள் மீன்கார ஸ்டெல்லா அக்காதான். 'நல்ல சீலா இருக்கு' என்று ஒரு நாள் போட்டார். 'நல்ல என்பது உங்கள் கருத்து. எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது? ஒன்று என்ன எடை? எங்கே நிற்கிறீர்கள்?' என்று அண்ணாச்சி கேட்டார். ஸ்டெல்லா அக்கா லேசான ஆள் இல்லை. மறுநாள் கப்பல் வருகிற தோரணையில் அறிவித்தார்: 'சீலா. அஞ்சு மணிக்கு கரைக்கு வந்தது. மூணு கிலோ ஒண்ணு, ரெண்டு கிலோ நாலு. பள்ளிக்கூட முக்குல நிக்கேன். எட்டு மணி வரைக்கும்.' ஏழு மணிக்கே கூடை காலி. அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு என்று ஒரு நடுத்துண்டை அக்கா தனியே எடுத்து வைத்தார். அண்ணாச்சி தனி ஆள், மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் பஹ்ரைனில். ஒரு துண்டு இரண்டு வேளைக்கு வரும்.

ஒருநாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் ஒரு மேசை. மேசையில் போன், ஒரு சின்ன ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் கோடு போட்ட நோட்டு, நூலில் கட்டின பேனா. குழுவில் வரும் முக்கியச் செய்திகளை எல்லாம் மணி போட்டு எழுதி வைத்திருந்தார். சினிமா பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம். யாரோ தெளிவில்லாமல் பேசி, அதனால் ஏதோ ஒரு கப்பல் முழுகி, அந்தத் துக்கத்தில்தான் மனுஷன் இப்படி ஆகிவிட்டார் என்று நினைத்தேன். பக்குவமாகக் கேட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க வேலை பாக்கும்போது ஏதும் கப்பல் கிப்பல் முழுகிச்சா?"

"இல்லவே. ஒண்ணும் முழுகல. நான் இருந்த முப்பது வருஷமும் ஒண்ணுகூட முழுகல." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் முழுகலன்னு யோசிச்சுப் பாரும்."

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. பத்திரிகையில் வந்த என் கட்டுரையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் தெருவில் மறித்தார். "மூணாவது பத்தியில 'அந்த மாலைப்பொழுது எதையோ சொல்லாமல் சொல்லிச் சென்றது'ன்னு எழுதியிருக்கீரு. என்ன சொல்லிச்சு?"

"அது ஒரு உணர்வு அண்ணாச்சி."

"உமக்குத் தெரியுமா அது என்னன்னு?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியாது."

"அப்ப தெரியலன்னு எழுதிட்டுப் போவேண்டியதான. நான் ரெண்டு நாளா அந்த மாலைப்பொழுது கூட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்கேன்."

இந்த மனிதருக்கும் ரோஸ்லின் டீச்சருக்கும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியுமா? டீச்சர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர், மீதிப் பேரின் காதைத் திருகியவர். கடன் கொடுத்த இட்லிச் சட்டி திரும்பி வந்ததற்கே, 'இதயத்தின் ஆழத்திலிருந்து ஊற்றெடுக்கும் நன்றிப் பூக்களைத் தங்கள் பாதக் கமலங்களில்' என்று பத்து வரி எழுதுவார். அண்ணாச்சி கீழே, 'இட்லிச் சட்டி வந்து சேர்ந்ததா, இல்லையா?' என்று கேட்பார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு 'வந்தது' என்பார். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. சண்டை வரும் வரும் என்று நாங்கள் ஆவலோடு காத்திருந்தோம். வந்தபோது அதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை.

இங்கே எங்கள் தெருவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தெருவில் நான்கு அந்தோணிகள். மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர் பம்பு அந்தோணி. பேக்கரியில் முந்திரியும் முட்டையும் அடித்தே தோள் பெருத்தவர் மக்ரூன் அந்தோணி. ஆறடி உயரம் இருப்பவர் சின்ன அந்தோணி. தோணியின் தலைவனைத் தண்டல் என்போம், அப்படித் தண்டலாகக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்து எண்பதைத் தாண்டியவர் கொழும்பு அந்தோணி. பட்டப்பெயர் இல்லாமல் யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை. ஆனால் சாவு, கல்யாணம், கோயில் அறிவிப்பு மூன்றிலும் பட்டப்பெயரைச் சேர்க்க மாட்டோம். அது மரியாதைக் குறைவு. வாயால் செய்தி பரவிய காலத்தில் இதில் கஷ்டமே இல்லை, எந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கிறதோ அந்த வீடு. போனில் அழுகைச் சத்தம் கேட்காது என்பது எங்களுக்கு யோசனையில் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ரோஸ்லின் டீச்சரின் செய்தி வந்தது. 'நம் அன்புக்குரிய அந்தோணி அவர்கள் இன்று இறைவனடி சேர்ந்தார். வார்த்தைகள் இல்லை. இதயம் கனக்கிறது.'

முதல் இரங்கல் நான்தான் போட்டேன். அட்மின் அல்லவா. போட்டுவிட்டு என் மனைவியிடம், "எந்த அந்தோணி?" என்று கேட்டேன்.

"தெரியாமயா ஆழ்ந்த இரங்கல்னு போட்டீங்க?"

"ஆழ்ந்துதான் போட்டேன். ஆளுதான் தெரியல."

நான் மட்டும் இல்லை, நாற்பது பேர் வரிசையாக இரங்கல் தெரிவித்தார்கள். ஒருத்தருக்கும் யார் என்று தெரியாது. டீச்சரிடம் கேட்க வாய் வரவில்லை. மக்ரூன் அந்தோணியே, 'அந்தோணி அண்ணன் ஆன்மா சாந்தியடையட்டும்' என்று போட்டிருந்தார். சின்ன அந்தோணிக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் மேல் போன். இவர் எடுத்து "அலோ" என்றதும், "ஒண்ணுமில்ல, வையி" என்று எல்லாரும் கட் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் துணிந்து பம்பு அந்தோணி வீட்டுக்கு மாலையோடு போய்விட்டார்கள். கதவைத் திறந்தது பம்பு அந்தோணி, வாயில் பிரஷோடு.

"என்னவே ரெண்டு பேரும், காலங்காத்தால?"

"சும்மாதான். உன்னப் பாத்துட்டுப் போலாம்னு."

"மாலை எதுக்கு?"

"வார வழியில நல்லாருந்துச்சு. வாங்குனோம்."

பம்பு அந்தோணி அதைக் கழுத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு டீ கொடுத்தாராம்.

இந்த நேரத்தில்தான் இரங்கல்களுக்கு நடுவே அண்ணாச்சியின் வரி வந்து விழுந்தது. 'எந்த அந்தோணி? உடனே சொல்லவும்.'

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிட்டார் என்பதற்காகவே எல்லாருக்கும் அவர்மேல் கோபம் வந்தது. இறந்தது கொழும்பு அந்தோணி. ரோஸ்லின் டீச்சரின் தாய்மாமா. அப்பா இல்லாத டீச்சரைப் படிக்கவைத்ததே அவர்தான். அரை மணி நேரத்தில் டீச்சர் எனக்குப் போன் செய்தார். அழுகையும் கோபமும் கலந்த குரல்.

"தம்பி, எங்க மாமா பெட்டியில கெடக்காவ. அந்த மனுசன் அடையாள அட்டை கேக்காரு. இட்லிச் சட்டியும் எங்க மாமாவும் அவருக்கு ஒண்ணா? அவரு குழுவுல இருக்கக் கூடாது. இருந்தா நான் இருக்க மாட்டேன்."

நான் நீக்கினேன். ஒரு விரல்தான் வேண்டியிருந்தது. அன்று மாலை அடக்கத்துக்கு அண்ணாச்சி வந்தார். கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. அவமானமாக இருக்கும் என்று நினைத்து நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தார். கையில் நோட்டு. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். "நேத்து பதினொண்ணு பத்துக்கு என்னை எடுத்திருக்கீரு. சரிதான?"

"ஆமா அண்ணாச்சி."

"காரணம்?"

"அது வந்து... சூழ்நிலை அப்படி... எல்லாருக்கும் கொஞ்சம் மனசு..."

"தம்பி." குரல் தாழ்ந்திருந்தது. "எனக்குப் புரியிற மாதிரி சொல்லும். நான் செஞ்ச தப்பு என்ன?"

அவரிடம் ஒரு வருஷமாகத் திட்டு வாங்கியவன் நான். அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாக ஒரு வாக்கியம் வந்தது. அது வந்த நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. "கேட்டது சரி அண்ணாச்சி. கேட்ட நேரம் தப்பு. அழுதுகிட்டு இருக்கவங்ககிட்ட விவரம் கேட்டீங்க. அவங்களுக்கு வலிச்சுது."

அவர் நூல் கட்டின பேனாவால் எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்தார். "கேட்டது சரி. நேரம் தப்பு. அழுகிறவரிடம் விவரம் கேட்டேன். வலித்தது. சரியா?"

"சரி."

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்வே. சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன். காலையில எந்திரிச்சா அந்தப் போன் பேசாம நிக்கி. ஒரு சத்தமும் இல்ல. வீட்டுல வேற சத்தம் கெடையாது." எழுந்தார். "டீச்சர் சரின்னா சேப்பீரா?"

சேர்ப்பேன் என்றேன். அவர் மன்னிப்புக் கடிதம் எழுதுவதாகவும், நான் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் ஏற்பாடானது. இருவருக்கும் நடுவில் தபால்காரன் உத்தியோகம் எனக்குப் புதிதாகக் கிடைத்தது.

முதல் கடிதம் இப்படி இருந்தது. 'நிகழ்வு: சனிக்கிழமை காலை. தவறு: நேரம். தவறு செய்தவர்: நான். கோரிக்கை: மன்னிப்பு. பதில் எதிர்பார்க்கப்படுகிறது.' டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பழக்க தோஷம், சிவப்புப் பேனாவை எடுத்தார். 'கருத்து உண்டு. ஈரம் இல்லை. பத்துக்கு மூன்று. திரும்ப எழுதுக' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தனுப்பினார்.

"மூணா?" என்றார் அண்ணாச்சி. வாழ்க்கையில் யாரும் அவருக்கு இவ்வளவு குறைவாக மதிப்பெண் போட்டதில்லை போலிருக்கிறது. இரண்டு நாள் வெளியே வரவில்லை. இரண்டாவது கடிதம் நான்கு பக்கம். ஈரம் என்றால் எப்படி எழுதுவது என்று தெரியாமல், நோட்டில் குறித்து வைத்திருந்த டீச்சரின் பழைய செய்திகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். மன்னிப்புப் பூக்கள் இதயத்தின் ஆழத்திலிருந்து ஊற்றெடுத்தன. பாதக் கமலங்கள் இரண்டு இடத்தில் வந்தன. டீச்சர் முதல் பக்கத்தைப் படிக்கும்போதே முகம் சிவந்தது. இரண்டாவது பக்கத்தில் உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. 'பார்த்து எழுதியது. பூஜ்யம்' என்று போட்டார். போட்டுவிட்டு, "இவ்வளவு கேவலமாவா தம்பி நான் எழுதுதேன்?" என்று என்னைக் கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்து, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

இதற்கிடையில் அண்ணாச்சி இல்லாத குழு செழித்து வளர்ந்தது. ரோஜாக்கள் திரும்பி வந்தன, இந்த முறை தங்கத் துகள் தூவி. குரல் செய்திகள் ஆறு நிமிடம், ஏழு நிமிடம் என்று நீண்டன. ஸ்டெல்லா அக்கா மட்டும் ஒழுங்காக எடையும் நேரமும் போட்டுக்கொண்டிருந்தார். மணப்பாட்டுக்கு வேனில் போகலாம் என்று ஒருவர் ஏற்பாடு செய்து, 'ஞாயிறு காலைல வேன் வரும், எல்லாரும் கோயில் பக்கம் வந்துருங்க' என்று போட்டார். சிலர் ஐந்து மணிக்கு வந்தார்கள், சிலர் ஒன்பதுக்கு. எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோயில். கடைசியில் மூன்று பேரோடு வேன் போனது. திரும்பி வரும்போது நான்கு பேர் இருந்தார்கள். நான்காவது ஆள் யார் என்று இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற ஆளைத்தான் வெளியே தள்ளிவிட்டோமே.

மூன்றாவது கடிதத்தை அண்ணாச்சி என்னிடம் கொடுக்கவில்லை. "நீரும் கூட வாரும்" என்று கூட்டிக்கொண்டு அவரே டீச்சர் வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். டீச்சர் சிவப்புப் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

'டீச்சர் அவர்களுக்கு. கொழும்பு அந்தோணி அண்ணன் தண்டலாக இருந்தபோது நான் கோபுரத்தில் இருந்தேன். தோணி வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் என்னோடு பேசுவார். பல வருடங்கள் குரலை மட்டுமே கேட்டேன். முகத்தைப் பார்த்தது இந்தத் தெருவுக்கு வந்த பிறகுதான். தோணி விவரம் எல்லாம் சொல்லி முடித்த பின் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார். அது விதிகளில் இல்லை. சாப்பிட்டீரா என்று கேட்பார். என்னிடம் வேறு எந்தக் கப்பலும் அதைக் கேட்டதில்லை.

'சனிக்கிழமை உங்கள் செய்தி வந்தது. நம் தெருவில் நான்கு அந்தோணிகள். அவராக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் கேட்டேன். அப்படியானால் மற்ற மூவரில் ஒருவராக இருக்கட்டும் என்று நினைத்ததாக ஆகிறது. அதுவும் தவறு. அந்த மூவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.'

டீச்சர் படித்து முடித்து, தாளை மடியில் வைத்துக்கொண்டார். சிவப்புப் பேனா கீழே உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. யாரும் எடுக்கவில்லை. பம்பு அந்தோணி இரண்டு நாளாக ஏன் தெருவில் குழம்பிப்போய்த் திரிந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அண்ணாச்சி" என்றார் டீச்சர். "ஊருல எல்லார்ட்டயும் யாரு, எங்கன, எப்பன்னு கேக்கீங்க. அன்னைக்கு கேக்கது யாரு, எதுக்குக் கேக்காருன்னு நீங்க சொல்லலையே. இந்த ஒரு வரியை அன்னைக்கே எழுதியிருந்தா, உங்களையா எடுக்கச் சொல்லுவேன்? பெட்டி பக்கத்துல உக்கார வச்சிருப்பேனே."

அண்ணாச்சி நோட்டை எடுத்தார். எழுதினார். வழக்கம்போலத் திரும்பப் படிக்க ஆரம்பித்தார். "கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று..." அவ்வளவுதான். நோட்டை மூடிவிட்டார். அந்த மனிதர் ஒரு செய்தியை முடிக்காமல் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டீச்சர் எழுந்து அடுப்படிக்குப் போய், தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு டீயோடு வந்தார். "தப்பு எம்மேலயும் இருக்கு. கொழும்பு மாமான்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். மரியாதை இல்லன்னு விட்டுட்டேன். வெறும் அந்தோணின்னு கூப்பிட்டா மாமாவே திரும்பிப் பாக்க மாட்டாவ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி பாத்துக்கிட்டு நிக்கீங்க? சேத்து விடுங்க" என்றார்.

அங்கேயே நின்று சேர்த்தேன். அண்ணாச்சியின் சட்டைப்பையில் போன் சத்தம் போட்டது. அவர் அதை எடுத்துப் பார்க்காமல், பையின் மேல் கையை வைத்துக்கொண்டு டீயைக் குடித்தார்.

முப்பதாம் நாள் பூசைக்கு டீச்சர் குழுவில் அறிவிப்புப் போட்டார். எங்கள் தெரு வரலாற்றில் முதல் முறையாக ஒரு துக்கச் செய்தியில் 'கொழும்பு அந்தோணி' என்று முழுப் பெயர் வந்தது. தோணித் தண்டல், ரோஸ்லின் டீச்சரின் தாய்மாமா, வடக்கு முக்குக் கோயில், காலை ஆறு மணி என்று எல்லாம் இருந்தது. அண்ணாச்சி, 'வருகிறேன்' என்று மட்டும் போட்டார். ஆறு மணிக்கு நான் போனபோது அவர் டீச்சருக்குப் பக்கத்தில், சொந்தக்காரர்கள் உட்காரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்து வெளியே வரும்போது என் தோளைத் தொட்டார். "தம்பி, தண்டலைப் பத்தி நீரு ஒரு கட்டுரை எழுதும்."

"நான் அவர்கூட அதிகம் பழகினதில்லையே அண்ணாச்சி. உங்க அளவுக்குத் தெளிவா எழுத எனக்கு வராது."

"தெளிவா இல்லன்னாலும் பரவாயில்லவே" என்றார். "எழுதும்."

எழுத உட்கார்ந்தேன். தண்டலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அண்ணாச்சியைப் பற்றித்தான். அதனால் அவரையே எழுதிவிட்டேன். முடிந்தவரை யார், எங்கே, எப்போது எல்லாம் போட்டிருக்கிறேன், அண்ணாச்சி. ஒன்றை மட்டும் உங்களிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன். உங்களை நீக்கிவிட்டு இருந்த அந்த நாட்களில், காலையில் எழுந்ததும் உங்கள் கேள்வி ஏதாவது வந்திருக்கிறதா என்று நானும் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.